பதினோரு வெள்ளைக் கிழங்குகள்

அப்பா அரிவாளை எடுத்தாகிவிட்டது. இனி ஒன்றும் செய்வதற்கில்லை. துவைக்கிற கல்லின்மேல் குத்தவைத்து உட்கார்ந்திருந்த உலகு, காபித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள், காபி எப்போதோ ஆறி ஆடை கட்டிவிட்டது, இப்போது ஒரு மழை கொட்டினால் உண்டு, ஆனால் மார்கழிக் கடைசியில், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, தென்காசியில் இவள் ஒருத்திக்காக எந்த மழை வரப்போகிறது. பாத்ரூம் சுவருக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் ஒரு மினிபஸ்ஸை நிறுத்துகிற அளவுக்கு இடம், அதில் நாலு மண்மேடு, மேடு இருப்பதே தெரியாமல் மூடிக்கிடக்கிறது சர்க்கரைவள்ளிக் கொடி. அப்பா அதை அறுத்து அறுத்து ஓரமாகச் சுருட்டுகிறார், அறுத்த இடத்தில் பால் கசிகிறது, பச்சை வாடை மூக்கை அடைக்கிறது, இன்னும் இரண்டு மேடு அறுத்தால் மண் வெளியே வந்துவிடும், மண்ணுக்குள் பதினொன்று இருக்கிறது. பதினோரு கிழங்கு. சந்தையில் வாங்கியது. நேற்று மத்தியானம் அப்பா முடிவெட்டப் போன முக்கால் மணி நேரத்தில், கொடியைத் தூக்கித் தூக்கி, தோசைக்கரண்டியால் தோண்டி, இவளே புதைத்தது. நன்றாகத்தான் புதைத்தாள், மேலே மண்ணைத் தட்டிக் கொடியைப் பழையபடி பரத்திவிட்டுத் தோசைக்கரண்டியைக் கழுவி வைத்துவிட்டாள், அம்மா ராத்திரி அதே கரண்டியால் தோசை திருப்பிப் போட்டபோது ஒரு மணல் கடிபட்டது, எந்தக் கடையில அரிசி வாங்குன, கல்லாக் கெடக்கு, என்று அப்பா அம்மாவைத்தான் கேட்டார். அதற்கே உலகு பாதித் தோசையோடு எழுந்துவிட்டாள். அப்பாவுக்குத் தெரியக் கூடாது. வேறு என்ன ஆனாலும் ஆகட்டும், அப்பாவுக்குத் தெரியக் கூடாது.

உலகம்மாள், பதினொன்றாம் வகுப்பு பி பிரிவு. யார் குரலானாலும் ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், வந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்ளும், பிறகு நேரங்கெட்ட நேரத்தில் எழுந்து பேசும். பிரேயரில் எச்.எம். குரலில் 'அமைதி' என்று பின்வரிசையிலிருந்து சொல்லி எச்.எம்.மையே திரும்பிப் பார்க்கவைத்தவள். இரண்டு வருஷம் முன்னால் தீபாவளிக்கு முந்தின நாள், டெப்போ மேனேஜர் குரலில் அப்பாவுக்கே போன் போட்டு, 'ஆவுடையப்பன், ஸ்பெஷல் பஸ்ஸுக்கு ஆள் இல்ல, உடனே கிளம்பி வாங்க' என்று சொல்லி, அப்பா காக்கி மாட்டிக்கொண்டு தெருமுனை வரை போனது ஊருக்கே தெரியும். திரும்பி வந்து விஷயம் தெரிந்தபோது சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு வீட்டைச் சுற்றித் துரத்தினார், இரண்டாவது சுற்றில் மூச்சு வாங்கிச் சிரித்துக்கொண்டே படியில் உட்கார்ந்துவிட்டார். அப்போது அப்பாவுக்குக் கண் நன்றாக இருந்தது. இப்போதும் கண் இருக்கிறது, நடுதான் இல்லை. திருநெல்வேலியில் கண் டாக்டர் சொன்னது அப்படியே அவள் தொண்டையில் இருக்கிறது, வார்த்தைக்கு வார்த்தை மூக்கை உறிஞ்சிக்கொள்கிற டாக்டர், 'அதாவது அண்ணாச்சி, டிவில படம் ஓடுது, நடுவுல மட்டும் ஒருத்தன் கட்டைவிரலை வச்சு அமுக்கிட்டான்னு வைங்க. ஓரமெல்லாம் தெரியும். நடு தெரியாது.' இந்தக் குரலை மட்டும் அவள் யாருக்கும் செய்துகாட்டியதில்லை. இருபத்திரண்டு வருஷம் பஸ் ஓட்டிய ஆளுக்கு நடுப்பார்வை இல்லையென்றால் ரோடே இல்லை. டெப்போவில் ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டார்கள், வேறு வேலை ஒதுக்கும்வரை வீட்டில் இருக்கச் சொன்னார்கள், அப்பா ஆடி மாசத்திலிருந்து வீட்டில் இருந்தார். இருந்தார் என்றால் இருந்தார், அவ்வளவுதான், நாற்காலி இருப்பது மாதிரி. அம்மாவின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் அடுப்படி ஜன்னலைப் பார்ப்பார், அப்போதுதான் அம்மாவின் முகம் ஓரத்தில் விழும். அந்த முதல் மாசம் முழுக்கத் தன்மேல்தான் ஏதோ கோபம் என்று உலகு நினைத்திருந்தாள், கூப்பிட்டால் முகத்தைத் திருப்புகிறாரே என்று, பிறகுதான் கணக்குப் பிடிபட்டது, திருப்பினால் பார்க்கிறார், நேரே பார்த்தால் பார்க்கவில்லை. அன்றிலிருந்து அப்பாவிடம் மட்டும் வாலைச் சுருட்டிக்கொண்டாள். கண் தெரியாத ஆளிடம் விளையாடினால் அது விளையாட்டில்லை, வேறு என்னவோ, அதற்குப் பெயர்கூட அசிங்கமாக இருக்கும். அப்படிப்பட்டவள்தான் பதினோரு கிழங்கைப் புதைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஐயோ.

இதெல்லாம் அந்தக் கொடியால் வந்தது. புரட்டாசியில் ஒருநாள் அப்பா தானாகவே எழுந்து வெளியே போய், சுரண்டைப் பக்கம் தோட்டம் வைத்திருக்கிற ஒருவரிடம் ஒரு கட்டு சர்க்கரைவள்ளிக் கொடி வாங்கி வந்தார், முன்னொரு காலத்தில் அப்பா ஓட்டிய பஸ்ஸில் தினமும் காய்கறி மூட்டை ஏற்றியவராம், சிவப்புத் தோல், மாவு மாதிரி இருக்கும் என்று சொன்னாராம். சாணளவு வெட்டி, நடுப்பாகம் மண்ணுக்குள் போகிற மாதிரி வளைத்து ஊன்றினார், விரலால் தடவித் தடவி இடைவெளி பார்த்தார், ஒரு வார்த்தை தப்பாக வரவில்லை, முனகல் இல்லை, ரேடியோவில் காலையில் வேளாண்மை நிகழ்ச்சி ஓடும், 'அன்பார்ந்த நேயர்களே' என்று தேனில் ஊறப்போட்ட குரல், அப்பா அதற்குத் தலையாட்டிக்கொண்டே மண் அணைப்பார். அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டு உள்ளே போய்த் தேங்காய் துருவுவாள், வேண்டியதற்கு அதிகமாகத் துருவுவாள். பிறகு மழை, ஐப்பசி மழை, கொடி காம்பவுண்டு சுவர் ஏறி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தது, எட்டிப் பார்த்த இடத்தில் ஸ்டெல்லா டீச்சர் இருந்தாள். பக்கத்து வீடு, ரிட்டயர்டு கணக்கு டீச்சர், வாளியைக் கவிழ்த்துப்போட்டு ஏறி நின்றுதான் பேசுவாள், எதைச் சொன்னாலும் கரும்பலகையில் எழுதிப் போடுகிற மாதிரி சொல்வாள். 'அண்ணாச்சி, இலை இவ்வளவு செழிப்பா இருந்தா கீழ ஒண்ணும் இருக்காது. எல்லாச் சத்தும் மேலயே போயிரும். எங்க, நீங்களே யோசிச்சுப் பாருங்க பாப்போம்.' அப்பா யோசித்தார். யோசித்துவிட்டு, பொங்கல் படையலுக்கு இந்த வருசம் கடையில் சர்க்கரைவள்ளி வாங்கக் கூடாது என்று அம்மாவிடம் சொன்னார், சிறுகிழங்கு வாங்கு, சேனை வாங்கு, இது மட்டும் நம்ம மண்ணுல இருந்து வரும். தெருவில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டார். பேப்பர்காரனிடம் சொல்லிவிட்டார். ஆறு மாசத்தில் அவர் இன்னது நடக்கும் என்று சொன்ன ஒரே விஷயம் அதுதான், அது நடக்காமல் போனால் அப்பா திரும்பவும் நாற்காலி ஆகிவிடுவார், அதைத்தான் உலகுவால் நினைக்க முடியவில்லை. ஸ்டெல்லா டீச்சர் குரல் வேறு அவள் தொண்டையில் குடியேறிவிட்டது, பல் விளக்கும்போது, பஸ்ஸில் போகும்போது, ஒண்ணும் இருக்காது, எங்க யோசிச்சுப் பாரு பாப்போம். பொறுக்க முடியாமல் வியாழக்கிழமை போய்த் தோண்டிப் பார்த்தாள். கொடி மண்ணோடு ஒட்டிக்கிடந்த ஒரு இடத்தில், சுவர் ஓரமாக, கையால்தான் தோண்டினாள். நூல். வெறும் நூல் நூலாக வேர். இன்னொரு இடம், அங்கேயும் நூல். மூன்றாவது இடத்தில் ஒரு மண்புழு இருந்தது, அதையும் ஒரு நிமிஷம் கிழங்கு என்று நினைத்தாள். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டில் அப்பா, ஞாயித்துக்கிழமை வெட்டிரலாம், என்றார்.

சந்தைக்காரி 'தேனு, தேனு, வாயில வச்சாத் தேனு' என்று கத்திக்கொண்டிருந்தாள். வெள்ளைதான் இருந்தது. சிவப்பு இல்லையா என்று கேட்டதற்குக் கல்யாணப் பொண்ணா பாக்க வந்திருக்க, கலர் கேக்க, என்றாள். வெள்ளை என்றால் என்ன, அப்பாவுக்குக் கலர் எங்கே தெரியப்போகிறது, அப்படித்தான் நினைத்தாள், நினைத்தபோது ஒன்றும் தோன்றவில்லை, இப்போது இந்தக் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கும்போதுதான் அந்த நினைப்பு முழுசாகத் திரும்பி வந்து முகத்தில் அறைகிறது. அப்பாவுக்கு எங்கே தெரியப்போகிறது. இதை அவள்தான் நினைத்தாளா. யார் குரலும் இல்லை அது, சுத்தமாக அவள் குரல். அப்பா நாலாவது மேட்டையும் அறுத்து முடித்துவிட்டார், நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொள்கிறார், பனியனுக்கு மேலே கழுத்தில் நேற்று முடிவெட்டின இடம் வெள்ளையாக இருக்கிறது, செருப்பில்லாமல் மேட்டின்மேல் மெதுவாக நடக்கிறார், நடந்து, ஒரு இடத்தில் நிற்கிறார். குதிகாலால் அழுத்துகிறார். இன்னொரு இடத்தில் அழுத்துகிறார். மண் நேற்றுக் கிளறினது, பொதபொதவென்று இருக்கும், கிளறாத மண் கெட்டியாக இருக்கும், இது ஏன் நேற்றுத் தோன்றவில்லை. 'நான் தோண்டுதேன் ப்பா, நீங்க உக்காருங்க,' உலகு எழுந்தாள். நீ உக்காரு, காபியக் குடி, என்றார் அப்பா, நேராக அவளைப் பார்த்து. நேராக. அப்படியென்றால் பார்க்கவில்லை. நல்லது. இல்லை, நல்லதா. மம்பட்டியை எடுத்து மேட்டின் பக்கவாட்டில் ஒரே போடு, மண்ணை இழுத்துத் தள்ளிவிட்டு, மம்பட்டியை வைத்துவிட்டுக் கையை உள்ளே விட்டார், அறுத்த கொடியின் அடித்தண்டைப் பிடித்து ஒரு குலுக்கு, ஒரு இழு, வந்தது. தண்டோடு வந்தது. சிவப்பாக, கை நீளத்துக்கு ஒன்று, அதன் தோளில் ஒட்டிக்கொண்டு இரண்டு சின்னது, மண் உதிர உதிர ஆடிக்கொண்டு. அம்மா அடுப்படி வாசலில் வந்து நின்றாள், கையில் தேங்காய்த் துருவல் ஒட்டியிருந்தது. அடுத்த தண்டு, நாலு. அதற்கடுத்தது, இரண்டு, ஒன்று தேங்காய் பருமன். உலகுவுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது, சந்தோஷம் காது வரை ஏறி அங்கேயே உறைந்தது, ஏனென்றால் கிழங்கு இருந்திருக்கிறது, இவ்வளவு நாளும் இருந்திருக்கிறது, ஊன்றின தண்டுக்கு அடியில், நட்ட இடத்தில், இவள் தோண்டினது ஓடின கொடி வழியில் மண்ணைத் தொட்டு வேர் விட்ட இடம், அங்கே நூல்தான் இருக்கும், அதுகூடத் தெரியாமல் பெரிய டாக்டர் மாதிரி ஒண்ணும் இல்லை என்று முடிவு கட்டி. சரி, இருந்தது, நல்லது, ஆனால் அந்தப் பதினொன்று. அவை எந்தத் தண்டிலும் இல்லை. அனாதையாகக் கிடக்கின்றன. வெள்ளையாக. இரண்டு முனையும் சந்தைக்காரி கத்தியால் நறுக்கினது, அதுவும் போகட்டும், மண் ஒட்டியிருந்தால் அப்பா கைக்கு வித்தியாசம் தெரியும் என்று பயந்து குழாயடியில் வைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவி, கழுவி, கழுவினதைக் கொண்டுபோய் மண்ணுக்குள் புதைத்திருக்கிறாள். உலகத்தில் எந்தக் கிழங்கு குளித்துவிட்டு மண்ணுக்குள் இருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் சுவருக்கு மேலே தலை வந்தது. பாதி வாரின தலை, சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் சத்தம் கேட்டு வாளியில் ஏறிவிட்டாள். கர்த்தரே, என்று ஒரே ஒரு தடவை சொன்னாள் ஸ்டெல்லா டீச்சர், பிறகு உடனே எண்ண ஆரம்பித்துவிட்டாள், ஒவ்வொரு கிழங்குக்கும் விரலை நீட்டி, நான் அன்னைக்கே சொன்னேன்ல அண்ணாச்சி நல்லா வரும்னு, என்று ஒரு இடைவெளியில் சேர்த்துக்கொண்டு. உலகு மெல்ல நகர்ந்து, மூன்றாவது மேட்டின் முனையில், தனக்குத் தெரிந்த ஒரு இடத்தின்மேல் காலை வைத்து நின்றுகொண்டாள், ஒன்றையாவது மறைக்கலாம் என்று, ஒரு காலால் ஒன்று, இரண்டு காலால் இரண்டு, மீதி ஒன்பதுக்கு யார் கால். அப்பாவின் கை மண்ணுக்குள் போனது, நின்றது. வெளியே வந்தபோது கையில் ஒன்று இருந்தது. வெள்ளை. பளபளவென்று. அப்பா அதைத் திருப்பினார், கட்டைவிரல் ஒரு முனையைத் தொட்டது, வெட்டின இடத்தை வட்டமாகத் தடவியது, அடுத்த முனைக்குப் போனது, அங்கேயும் வெட்டு. உலகுவின் தொண்டைக்குள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டார்கள், எச்.எம்., மேனேஜர், டாக்டர், சந்தைக்காரி, ஒருத்தர்கூட உதவிக்கு வரவில்லை. சொல்லிவிடலாம். அப்பா நான்தான் என்று சொல்லிவிடலாம். எப்படிச் சொல்வது, டீச்சர் முன்னால் சொன்னால் நாளைக்குத் தெருவே சொல்லும், கண்ணு தெரியாத மனுசனை மகளே ஏமாத்திருக்கா பாரு, ஐயோ பாவம், அந்த ஐயோ பாவம் அப்பா காதில் விழும், விழுந்தால் அது தன்னால். 'அண்ணாச்சி, அது ஏன் வெள்ளையா இருக்கு?' என்றாள் ஸ்டெல்லா டீச்சர், 'தண்டும் இல்ல, வேரும் இல்ல.' அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். காம்பவுண்டு சுவர்ப் பக்கமாக, செங்கல்லைப் பார்க்கிற மாதிரி. சுவருக்கும் மேட்டுக்கும் நடுவில், ஓரத்தில், அவர் கண்ணில் முழுசாக விழுந்துகொண்டு அவள்தான் நின்றாள், இரண்டு காலையும் இரண்டு கிழங்கின்மேல் வைத்துக்கொண்டு.

அப்பா தொண்டையைச் செருமினார். 'அது வந்து டீச்சர்,' என்று ஆரம்பித்தார், குரல் என்னவோ மாதிரி வந்தது, இழுத்து, மெழுகின மாதிரி, உலகு நிமிர்ந்து பார்த்தாள், அந்த ரேடியோக்காரர், அன்பார்ந்த நேயர்களே ஆள், அப்பா அந்தக் குரலைப் பிடிக்கப் பார்க்கிறார், படுமோசமாக, பஸ் டிரைவர் சுருதியில். 'இது ஊடுபயிர் மாதிரி ஊடு ரகம். சிவப்புக்கு நடுவுல கொஞ்சம் வெள்ளை ஊனிவிடணும். அப்பத்தான் சிவப்புக்கு இனிப்பு கூடும்.' அப்படியா, என்றாள் டீச்சர், ஆனா தண்டு இல்லையே. 'முத்திட்டா தானா கழண்டுரும். பல்லு விழுதுல்லா, அது மாதிரி.' எனக்கு ஒரு பல்லும் விழல அண்ணாச்சி, என்றாள் டீச்சர் கொஞ்சம் வருத்தத்தோடு. 'நீங்க இன்னும் முத்தலன்னு அர்த்தம்,' என்றார் அப்பா. அம்மா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு சட்டென்று உள்ளே போய்விட்டாள், உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்தது. ஸ்டெல்லா டீச்சருக்கு முகமெல்லாம் பூரித்துவிட்டது, அந்த ஊடு ரகத்தில் இரண்டு கொடுங்க என்று கேட்டு, அப்பா அதே இடத்தில் கிளறி இன்னும் இரண்டு எடுத்ததும் வாங்கிக்கொண்டாள், பளபளன்னு என்ன சுத்தமா விளைஞ்சிருக்கு பாரு என்று புகழ்ந்தாள், அடுத்த வருசம் எனக்கும் கொடி வேணும், என்னைக்கு ஊனணும்னு தேதி சொல்லிருங்க, சர்ச்சில் எல்லோரிடமும் காட்டுகிறேன் என்று இறங்கினாள், வாளி உருளுகிற சத்தம், கதவுச் சத்தம், பிறகு ஒன்றுமில்லை.

அப்பா மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்து கையிலிருந்த மண்ணைத் தட்டினார், எடுத்ததையெல்லாம் விரலால் தொட்டுத் தொட்டுப் பிரித்தார், சிவப்பு சருவச்சட்டிக்குள், வெள்ளை வெளியே, ஒன்றுகூட மாறவில்லை. எத்தனை புதைச்ச, என்று கேட்டார். பதினொண்ணு, என்றாள் உலகு, சத்தம் வெளியே வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை, ஆனால் அவருக்குக் கேட்டிருந்தது, டீச்சர் கொண்டுபோனதோட மூணு வந்துருக்கு, உன் காலுக்கடியில ரெண்டு, மத்ததையும் தோண்டி எடு, இல்லாட்டி ராத்திரி பெருச்சாளி வந்து பொங்கல் கொண்டாடிரும், என்றார். அவள் மண்டிபோட்டுத் தோண்டினாள், நகத்துக்குள் மண் ஏறியது, எதற்காகச் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்தாள், வியாழக்கிழமை, நூல் நூலாக வேர், நீங்கள் திரும்பவும் அந்த நாற்காலியில், என்று எங்கெங்கோ தொடங்கி எதையும் முடிக்காமல், மூக்கிலிருந்து தண்ணீர் ஒழுகி உதட்டுக்கு வந்தது, கை மண்ணாக இருந்ததால் தோளில் துடைத்துக்கொண்டாள். அப்பா எல்லாம் கேட்டுவிட்டு, மார்கழி பிறந்தபோதே தண்டுக்குப் பக்கத்தில் மண் வெடித்திருந்தது என்றார், வெடிப்புக்குள்ள விரலை விட்டா கிழங்கோட தோளு தட்டுப்படும், தினமும் காலைல ஒரு தடவை தொட்டுப் பாத்துருவேன், நேத்து சாயங்காலம் தொட்டுப் பாத்தா ரெண்டு பிள்ள கூட இருக்கு, பொறந்து குளிச்சு பவுடர் போட்டுட்டு. உலகுவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே வழியில் வந்து முட்டி, இருமல்தான் வந்தது. நேற்றே தெரியும். தெரிந்துகொண்டே இன்றைக்கு மம்பட்டி எடுத்திருக்கிறார், தெரிந்துகொண்டே காபியக் குடி என்றிருக்கிறார். அவரைப் பார்க்க முடியாமல் குனிந்தே இருந்தாள், கழுவின கிழங்கு ஒன்று கையில் வழுக்கியது, கோபமாக இருக்கிறாரா, வருத்தமாக இருக்கிறாரா, இனி எப்போதும் எதைக் கொடுத்தாலும் விரலால் தடவிப் பார்த்துத்தான் வாங்குவாரா. 'ஏட்டி,' என்றார் அப்பா. அவள் நிமிர்ந்தாள். அவர் சுருட்டிப்போட்ட கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதாவது அவளை. 'ஆறு மாசமா என்கிட்ட நீ ஒரு சேட்டையும் பண்ணல. நானும் இன்னைக்குப் பண்ணுவா, நாளைக்குப் பண்ணுவான்னு பாத்துக்கிட்டே இருக்கேன். கடைசில பண்ணுன, அதையும் இப்படி அரைகொறையாப் பண்ணிட்ட.' சருவத்தை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தார், வாசல்படி எங்கே இருக்கிறது என்று காலால் தேடினார், படி கிடைத்தது. 'இனிமே என்னை ஏமாத்துனா, கண்ணு தெரியுதவன ஏமாத்துத மாதிரி ஏமாத்து.'